ஆட்சியை நினைத்தால் மனம் கொதிக்கிறது, ஜெபத்தில் உட்கார முடியவில்லை

கூடாரவாசி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

எந்த நாடு, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இழை அந்தப் பக்கம் ஓடிவிடும். விஷயம் இதுதான். காலையில் கண் விழித்ததும் கை வேதத்துக்குப் போவதில்லை, போனுக்குத்தான் போகிறது. நான் தூங்கின நேரத்தில் ஆட்சியில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன். ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது: ஒரு பொய், ஒரு கைது, ஏழை வயிற்றில் அடிக்கிற ஓர் ஆணை. அதைப் படித்துவிட்டு முழங்கால் போட்டால், கண்ணை மூடினவுடன் அந்த அமைச்சரின் முகம் வந்து நிற்கிறது. மனசுக்குள்ளேயே அவரோடு வாதாடுகிறேன். ஆமென் சொல்லி எழும்பும்போது கர்த்தரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

சபையிலும் நிம்மதி இல்லை. எனக்கு முன்வரிசையில் உட்காருகிற அண்ணன்தான் என்னை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியவர். அவர் மறுபக்கத்தை ஆதரிக்கிறார், தினமும் ஏதாவது பகிர்கிறார். திருவிருந்துக்கு அவர் பின்னால் நிற்கும்போது, முந்தைய நாள் அவர் பகிர்ந்த படம்தான் நினைவில் ஓடுகிறது.

போதகரிடம் சொன்னேன். “அரசியலை விடுங்கள், ஆண்டவரைப் பாருங்கள்” என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் பாதிக்கப்பட்டவனை மறந்தால்தான் எனக்குச் சமாதானம் என்றால் அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். வேறு வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒலிவக்கன்று:

சங்கீதம் 37-ஐ முழுசாக வாசியுங்கள் பிரதர். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

விளக்குத்தண்டு:

ஒலிவக்கன்று சொன்னதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். ஏனென்றால் அந்தச் சங்கீதத்தை அவசரமாக வாசித்தால் “கோபப்படாதே, சும்மா இரு” என்று மட்டும்தான் காதில் விழும்.

முதல் எட்டு வசனத்துக்குள் எரிச்சல் வேண்டாம் என்று மூன்று முறை வருகிறது. மூன்றாவது முறை காரணமும் சேர்ந்து வருகிறது: “பொல்லாப்புச் செய்ய ஏதுவான எரிச்சல் உனக்கு வேண்டாம்.” எரிச்சல் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் தாவீதின் கவலை. துன்மார்க்கனை வெறுத்து வெறுத்து, கடைசியில் அவன் பேசுகிற மாதிரியே நாமும் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அவன் தன் எதிரிகளைக் கேலி செய்கிறான், நாமும் செய்கிறோம். அவன் பாதி உண்மையை முழுசாகப் பரப்புகிறான், நம் பக்கத்துக்குச் சாதகமாக இருந்தால் நாமும் சரிபார்க்காமல் அனுப்பிவிடுகிறோம்.

அதே சமயம் அந்தச் சங்கீதம் அநியாயத்தைப் பூசி மெழுகவில்லை. எளியவனை விழத்தள்ள துன்மார்க்கர் பட்டயத்தை உருவுகிறார்கள், வில்லை நாணேற்றுகிறார்கள் என்று 14-ஆம் வசனம் நேராகச் சொல்கிறது. “நான் இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன்” என்கிற மனுஷன் எழுதியது அது. சவுல் ராஜாவிடமிருந்து குகை குகையாக ஓடி ஒளிந்தவர். கெட்ட ஆட்சி எப்படியிருக்கும் என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. செய்தியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாளில் ஒரு நேரம் ஒதுக்கி, எழுத்தாக வாசியுங்கள். யாராவது கத்துகிற காணொளி வேண்டாம். வாசித்து முடித்ததும் அந்தச் செய்தியில் அடிபட்டவர் யாரோ, அவருக்காக ஜெபியுங்கள். அமைச்சரின் முகத்துக்குப் பதிலாக அந்த முகம் வரட்டும்.

மூன்றாம்வரிசை:

எல்லாரும் நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆட்சியால் ஒரு கீறலும் படாதவர்கள் சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எரேமியா 6:14-தான் ஞாபகம் வருகிறது. சமாதானமில்லாதிருந்தும் “சமாதானம் சமாதானம்” என்று சொல்லி, என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று கர்த்தர் கோபிக்கிறார். யாரைக் கோபிக்கிறார்? தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும். அதாவது நம்மைப் போன்ற ஆட்களை. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டிருக்கிற பிள்ளையின் தாயிடம் போய் சங்கீதம் 37-ஐ வாசித்துவிட்டு வர முடியுமா?

ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியில் ஆலயங்கள் மூடிக்கிடக்கவில்லை. ஞாயிறு ஆராதனை நடந்தது, பாட்டு இருந்தது, பிரசங்கம் இருந்தது. பலருக்கு நிம்மதியும் இருந்திருக்கும். ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் மாதிரி சிலர்தான் அந்த நிம்மதியை ஏற்றுக்கொள்ளவில்லை. 1943 ஏப்ரலில் அவரைப் பிடித்தார்கள், 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். கூடாரவாசியின் மனம் கொதிக்கிறது என்றால் அந்த மனம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதை அணைக்கப் பார்க்காதீர்கள்.

சாந்தகுணம்:

ரோமர் 13 தெளிவாக இருக்கிறதே. அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டவை. கீழ்ப்படிவதுதான் விசுவாசியின் பங்கு. மற்றதைத் தேவன் பார்த்துக்கொள்வார். இதற்கு மேல் யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எஸ்றா:

சாந்தகுணம் ஐயா, ரோமர் 13-ஐ எழுதின கை யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பவுல் அதை எழுதியபோது ரோமில் ஆட்சியில் இருந்தவன் நீரோ. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்” என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. கூடாரவாசி கேட்ட கேள்விக்கு அப்போஸ்தலர் 16-இல் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பாதி மட்டும் பிரசங்கிக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

பிலிப்பி பட்டணம். குறிசொல்லுகிற ஒரு அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவிக்கிறார். அவளை வைத்துச் சம்பாதித்த எஜமான்களுக்கு வருமானம் போகிறது. அதை வெளியே சொல்ல முடியுமா? “இந்த யூதர்கள் நம் பட்டணத்தைக் கலக்குகிறார்கள்” என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார்கள். காசுக்கு வந்த ஆத்திரத்துக்கு இனத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள். அதிகாரிகள் விசாரிக்கவே இல்லை. உடையைக் கிழித்து, அடித்து, உள்காவலறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டுகிறார்கள். இன்றைய செய்தித்தாளில் வரக்கூடிய விஷயம்தான் எல்லாமே.

நடுராத்திரியில் பவுலும் சீலாவும் ஜெபித்துப் பாடுகிறார்கள். பூமி அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன, சிறைச்சாலைக்காரன் இரட்சிக்கப்படுகிறான். இங்கே நிறுத்திவிட்டு நாம் அல்லேலூயா சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். விடிந்த பிறகு நடந்ததை வாசியுங்கள். அதிகாரிகள் ஆள் அனுப்பி “அவர்களை விட்டுவிடு” என்கிறார்கள். சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறார்கள். பவுல் நகரவில்லை. “ரோமராகிய எங்களை விசாரியாமல் எல்லார் முன்பாகவும் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்புவதா? முடியாது. அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும்” என்கிறார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் அடித்துவிட்டோமே என்று அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். பவுல் அங்கிருந்து நேரே லீதியாளின் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைப் பார்த்துத் தேற்றிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் புறப்படுகிறார். அந்தச் சின்னச் சபைமேல் நாளைக்கு யாரும் இஷ்டத்துக்குக் கைவைக்கக் கூடாது என்ற யோசனையும் அந்தப் பிடிவாதத்தில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள். பாட்டு அவரை ஊமையாக்கவில்லை. நியாயம் கேட்கும்போது குரலில் நஞ்சும் இல்லை, அதிகாரிகளுக்குத் தண்டனை வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. பிற்பாடு, மறுபடியும் காவலில் இருந்துகொண்டு, “எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்” என்று எழுதினாரே, அது இதே பிலிப்பி சபைக்கு எழுதின கடிதம். அந்த ராத்திரியை நேரில் பார்த்தவர்களில் சிலராவது அதை வாசிக்கக் கேட்டிருப்பார்கள்.

மூன்றாம்வரிசை அவர்களே, போன்ஹோஃபரும் இந்த வழியில் நடந்தவர் என்றுதான் நினைக்கிறேன். சிறையிலிருந்து அவர் எழுதின கடிதங்களில் கொதிப்பைவிட நிதானம்தான் அதிகம்.

மூன்றாம்வரிசை:

எஸ்றா, விடிந்த பிறகு நடந்ததை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. நன்றி. சரி, அப்படியென்றால் என் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். காலையில் நியாயம் கேட்க என்னால் முடியும், அது எனக்குப் பழக்கம். நடுராத்திரியில் பாடுவதுதான் வரமாட்டேன் என்கிறது. முதுகு எரியும்போது பாட்டு எங்கிருந்து வரும்?

நீரோடை:

மூன்றாம்வரிசை அண்ணா, வராதபோது வரவைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பாட்டுக்கு முன்னால் ஓலம் ஒன்று இருக்கிறது, வேதம் அதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆபகூக் புத்தகம் எப்படித் தொடங்குகிறது? “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!” நியாயம் புரண்டுபோகிறது என்று புகார். நம் செய்தியோடையைப் பார்த்து நாம் சொல்வதையே அவர் கர்த்தரைப் பார்த்துச் சொல்கிறார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் மகிழ்வேன் என்பது மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. முதல் அதிகாரத்தைத் தாண்டிக் குதிக்க யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கூடாரவாசி, அமைச்சரோடு மனசுக்குள் வாதாடுவதாக எழுதினீர்கள். அந்த வாதத்தை அப்படியே கர்த்தர் பக்கம் திருப்பிவிடுங்கள். அமைச்சர் கேட்கமாட்டார், கர்த்தர் கேட்பார். நான் ஒரு நோட்டில் எழுதுவேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், “இன்றைக்கு இவர்கள் இதைச் செய்தார்கள், நீர் பார்த்தீரா?” என்று. பல நாள் கடைசி வரிவரைக்கும் கோபம்தான். ஆனால் சொல்லவேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்கிற ஓர் இளைப்பாறுதல் இருக்கிறதே, அது உண்மையானது.

அப்புறம் எலியாவைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேலில் பெரிய வெற்றி. அதைக் கேட்டதுமே ராணி யேசபேல் உயிருக்குக் குறிவைக்கிறாள். ஆள் வனாந்தரத்துக்குள் ஓடி ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, “போதும் கர்த்தாவே” என்கிறார். சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் உடனே உபதேசம் செய்யவில்லை, “உன் விசுவாசம் எங்கே” என்று கேட்கவும் இல்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டுகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூக்கம். மறுபடியும் எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். அரசியல் சோர்வுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் சாப்பாடும். நாம் ராத்திரி ஒருமணிவரை போனை உருட்டிவிட்டு, காலையில் எனக்கு ஏன் சமாதானம் இல்லை என்று கேட்கிறோம்.

ஓரேபிலே கர்த்தர் “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று இரண்டு முறை கேட்கிறார். எலியா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொல்கிறார், வார்த்தை மாறாமல்: நான் ஒருவன்தான் மீதி. காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோய், அமர்ந்த மெல்லிய சத்தமும் கேட்டான பிறகும் அதே புலம்பல்! கர்த்தர் அதற்காகக் கோபிக்கவில்லை. ஆனால் அங்கேயே உட்காரவைக்கவும் இல்லை. திரும்பிப் போய் ஆசகேலைச் சீரியாவுக்கும் யெகூவை இஸ்ரவேலுக்கும் ராஜாவாக அபிஷேகம்பண்ணு என்கிறார். சுத்தமான அரசியல் வேலை. கூடவே எலிசா என்ற ஒரு துணை. பாகால் என்கிற பொய்த்தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற தகவலையும் கொடுக்கிறார். நான் மட்டும்தான் மீதி என்கிற நினைப்புதான் நம்மில் பாதிப்பேரை வாட்டுகிறது.

புதுவருகை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் விசுவாசி இல்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேர்மையாகக் கேட்கிறேன், இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்கிற ஏற்பாடுதானே? வெளியே என்ன மாறுகிறது? நீங்கள் நோட்டில் எழுதுகிறீர்கள், ஆட்சி அதன்பாட்டுக்கு நடக்கிறது.

விளக்குத்தண்டு:

வாருங்கள், கேள்வி நியாயமானது. வாதத்துக்குப் பதில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனி, லைப்சிக் நகரம், புனித நிக்கோலாஸ் ஆலயம். 1982-இலிருந்து திங்கட்கிழமை மாலைதோறும் சமாதானத்துக்காக ஜெபக்கூட்டம். சில நேரம் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். வருஷக்கணக்காக வெளியே ஒன்றும் மாறவில்லை, நீங்கள் சொன்ன மாதிரியேதான். 1989-இல் கூட்டம் பெருகியது. அக்டோபர் 9 அன்று ராணுவமும் போலீசும் நகரத்தில் குவிந்தன. அன்றைக்குச் சுடுவார்கள் என்று ஊரே பயந்தது, அதே வருஷம் ஜூனில் பெய்ஜிங்கில் நடந்தது எல்லார் மனசிலும் இருந்தது. ஆலயத்துக்குள் இடத்தை அடைக்க ஆளும்கட்சி தன் ஆட்களையே அனுப்பி உட்காரவைத்தது. அவர்களும் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள். ஜெபம் முடிந்து வெளியே வந்தால் மெழுகுவர்த்தியோடு ஜனங்கள். சுமார் 70,000 பேர் அன்று நடந்தார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

மெழுகுவர்த்தி ஏந்த இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று அணையாமல் காக்க. அப்போது கல்லெடுக்கக் கை இருக்காது என்று அந்தச் சபையின் அன்றைய போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் சொன்னதுண்டு. சுவர் விழுந்ததற்கு ஜெபம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். பொருளாதாரம், மாஸ்கோவின் மாற்றம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ராத்திரி இரத்தம் சிந்தாமல் முடிந்ததில் அத்தனை வருஷத் திங்கட்கிழமைகளுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். ஜெபத்தில் உட்கார்ந்து பழகினவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில், பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து நடந்த மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது, 1956 ஜனவரி மாதம், மார்ட்டின் லூதர் கிங்குக்கு நடுராத்திரியில் கொலைமிரட்டல் போன் வந்தது. தூக்கம் வராமல் சமையலறையில் உட்கார்ந்து, என்னால் முடியவில்லை, தைரியம் போய்விட்டது என்று ஜெபித்தார். அங்கே கிடைத்த பலத்தைப் பற்றி அவரே பின்னால் எழுதியிருக்கிறார். சில நாளிலேயே, ஜனவரி 30 அன்று, அவர் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள், தப்பிவிட்டார்கள். ஆயுதத்தோடு கூடின தன் ஜனத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார் கிங். ஆனால் புறக்கணிப்பைக் கைவிடவில்லை.

புதுவருகை:

யோசிக்கவேண்டிய விஷயம்தான். தொடர்ந்து வாசிக்கிறேன்.

கூடாரவாசி:

எல்லாருக்கும் நன்றி. எல்லாப் பதிலையும் நிதானமாக, திரும்பத் திரும்ப வாசித்தேன். நீரோடை அக்கா சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கம் தாண்டினதும் எனக்கு அழுகை வந்தது. கோபத்துக்கு அடியில் இவ்வளவு துக்கம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இரண்டு விஷயம் இன்னும் பாக்கி. ஒன்று, உள்ளுக்குள் நான் அடுத்த தேர்தலுக்காகக் காத்திருக்கிறேன். ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று. இரண்டு, முன்வரிசை அண்ணன்.

எஸ்றா:

முதலாவதற்கு எரேமியா 28-ஐயும் 29-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பாபிலோனின் நுகம் இரண்டு வருஷத்தில் முறியும் என்று அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி எல்லாருக்கும் முன்பாக அறிவிக்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும்! எரேமியாகூட “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் சொல்கிறார். ஆனால் கர்த்தர் சொன்னது எழுபது வருஷம். அதனால்தான் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு அப்படியொரு கடிதம் போகிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். பாபிலோன் நல்ல ஆட்சி என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஓட்டுப் போடுங்கள், உழையுங்கள், ஆட்சி மாறட்டும். ஆனால் வாழ்க்கையை அந்த நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

அண்ணன் விஷயம் எனக்கு உண்மையிலேயே கடினமாகத் தெரிகிறது. இயேசுவின் பன்னிரண்டு பேரில் ஆட்சியாளருக்காக வரி வசூலித்த மத்தேயுவும் செலோத்தே, அதாவது வைராக்கியக்காரன், என்னப்பட்ட சீமோனும் இருந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாம்வரிசை:

அண்ணன் பற்றி நான் ஒன்று சொல்லட்டுமா? அவர் கருத்தை மாற்றப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் முதலில் வேண்டாம். எபிரெயர் 13:3-இல் கட்டப்பட்டிருக்கிறவர்களை, நீங்களும் அவர்களோடு கட்டப்பட்டவர்கள்போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. நாங்கள் சிலர் சிறையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறோம். யார் எந்த வழக்கு, எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. அதில் ஒருவர் எனக்கு நேர் எதிர்க் கட்சி. தேர்தல் நேரத்தில் இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டோம், ஆனால் அந்த வீடுகளுக்குச் சேர்ந்துதான் போவோம். அங்கே அவர் ஜெபிக்கிற ஜெபத்தைக் கேட்ட பிறகு அவரை வெறுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. உங்கள் அண்ணனையும் அப்படி ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள், சர்ச்சை இல்லாத எளிய வேலையாக இருக்கட்டும்.

கூடாரவாசி:

எங்கள் சபையிலேயே அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது, யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணனிடம் கேட்கிறேன், இரண்டு பேருமாகப் போகலாமா என்று. அவர் வரமாட்டேன் என்றாலும் நான் போவேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஒலிவக்கன்று:

ஞாயிறு காலை ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் பிரதர். போய்வந்து எழுதுங்கள்.